ராக்கி மலைப் பூங்காவில் குடும்பத்தோடு கூடாரம்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கொலராடோ மாநிலத்தின் ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவுக்குக் காரில் குடும்பத்தோடு போய், கூடாரமடித்து இரண்டு மூன்று இரவுகள் தங்கிவர விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது தூரத்தைப் பற்றித்தான். டல்லாஸிலிருந்து எத்தனை மணி நேரம், சிகாகோவிலிருந்து எத்தனை நாள் என்றே பேச்சு தொடங்குகிறது. தூரத்தைப் பொறுமையாக ஓட்டிக் கடந்துவிடலாம். இந்தப் பயணத்தில் உண்மையாகவே கணக்கில் வைக்க வேண்டியது உயரம். 1915 ஜனவரி 26 அன்று அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான இந்தப் பூங்காவின் முகாம் திடல்கள் எல்லாமே எட்டாயிரம் அடிக்கு மேல் இருக்கின்றன. பூங்காவின் ஊடாகச் செல்லும் டிரெயில் ரிட்ஜ் ரோடு 12,183 அடி வரை ஏறுகிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் ஏறக்குறைய 8,650 அடி என்று சொன்னால் அளவு சட்டென்று விளங்கும்: அங்கே சிகரத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம், இங்கே அதே உயரத்தில் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைக்கப் போகிறோம். சோறு வேகும் நேரம், இரவின் குளிர், பெரியவர்களின் மூச்சு, எந்த வேளையில் எந்த இடத்தில் இருக்கலாம் என்பவை எல்லாம் அந்த உயரத்தைப் பொறுத்தே அமைகின்றன.

எப்போது செல்வது, எங்கே பதிவு செய்வது

டிரெயில் ரிட்ஜ் ரோடு வழக்கமாக மே மாதக் கடைசியில் திறந்து, அக்டோபர் நடுவில் பனிக்காக மூடப்படுகிறது. ஜூன் முதல் பாதியிலும் மேல்மட்ட நடைபாதைகளில் பனி கிடப்பதால், சிறு பிள்ளைகளோடு முதன்முறை செல்பவர்களுக்கு ஜூன் கடைசி வாரம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையான காலமே ஏற்றது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். செப்டம்பரில் மழை குறைந்து, ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும், ஆனால் இரவில் உறைபனி விழக்கூடும். பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் செப்டம்பர் முதல் பாதியையே நான் பரிந்துரைப்பேன்.

பூங்காவின் கிழக்குப் பக்கம் எஸ்டெஸ் பார்க் என்ற சிற்றூரும் மேற்குப் பக்கம் கிராண்ட் லேக் என்ற சிற்றூரும் இருக்கின்றன. கிழக்கில் மொரெய்ன் பார்க், கிளேசியர் பேசின், ஆஸ்பன்கிளென் என்ற முகாம் திடல்களும், மேற்கில் டிம்பர் க்ரீக் என்ற திடலும் உள்ளன. முதன்முறை செல்பவர்களுக்கு நான் சொல்வது கிளேசியர் பேசின். சாலைக்கு மறுபுறத்திலேயே இலவசப் பேருந்து புறப்படும் பெரிய கார் நிறுத்தம் இருப்பதால், பேர் லேக் பகுதிக்குப் போகக் காரைத் தொடவே வேண்டியதில்லை. டிம்பர் க்ரீக் அமைதியான இடம், மூஸ் மான்களைக் காணும் வாய்ப்பும் அங்கே அதிகம். ஆனால் பட்டை வண்டுகள் தாக்கிப் பைன் மரங்கள் பட்டுப்போனதால் வெட்டி அகற்றப்பட்டுவிட்டன, அதனால் நிழல் கிடையாது. பகலில் கூடாரத்துக்குள் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டியவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இடங்களை ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். அதாவது ஜூலை 10 இரவுக்கு ஜனவரி 10 அன்றே முயல வேண்டும். கோடை வார இறுதிகள் திறந்தவுடனேயே தீர்ந்துவிடுகின்றன. ஓர் இடத்தில் எட்டுப் பேர் வரை தங்கலாம் என்பதால் இரண்டு சிறு குடும்பங்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும். வரைபடத்தில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கழிப்பறைக்கு நடந்து போகும் தொலைவில், ஆனால் அதன் வாசலிலேயே இல்லாத இடமாகப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளிரில் நடப்பவருக்கு அந்தத் தொலைவின் அருமை தெரியும்.

கோடையில் பூங்காவுக்குள் நுழையவே நேரம் குறித்த அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற ஏற்பாடு அண்மை ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. முகாம் இடம் பதிவு செய்தவர்களுக்கு அந்த அனுமதி முன்பதிவோடு சேர்ந்தே வந்துவிடும், ஆனால் வந்து சேரும் நாளன்று பிற்பகல் 1 மணியிலிருந்துதான் செல்லும். அதற்கு முன்பே உள்ளே போக நினைப்பவர்கள் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் இவற்றில் சேராது. அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டுச் சீட்டு 80 டாலர். நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் ஓராண்டு இலவசச் சீட்டைப் பெற்று, காரில் வரும் குடும்பம் முழுவதும் நுழையலாம். 2026 தொடங்கி வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பூங்காவில் கூடுதல் கட்டணம் விதிக்கப்படுவதால், ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே பூங்காவின் தளத்தில் விவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏறுவதற்கு முன் ஓர் இரவு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்: சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் முகாமுக்கு ஏறாதீர்கள். டென்வர், போல்டர், லவ்லாண்ட், ஃபோர்ட் காலின்ஸ் ஆகிய ஊர்கள் ஐயாயிரம் அடி அளவில் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றில் முதல் இரவைக் கழித்துவிட்டு, இரண்டாம், மூன்றாம் இரவுகளை எட்டாயிரம் அடியில் உள்ள முகாமில் கழித்து, நான்காம் நாள்தான் பன்னிரண்டாயிரம் அடிக்குப் போக வேண்டும். பன்னிரண்டாயிரம் அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடல் அதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குக் கால அவகாசம் வேண்டும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளங்கள். பேசத் தெரியாத குழந்தைகளிடம் இது காரணமில்லாத அழுகையாகவும், பால் குடிக்க மறுப்பதாகவும் வெளிப்படும். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும், முதல் இரண்டு நாட்கள் மதுவைத் தவிர்ப்பதும், மெதுவாக நடப்பதும் உதவும். முற்றினால் மருந்து கீழே இறங்குவதுதான். இதய நோய், நுரையீரல் நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ள பெரியவர்கள் புறப்படுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் அம்மாவை நாங்கள் முதன்முறை அழைத்துச் சென்றபோது, டென்வரில் தங்காமல் நேரே ஏறி, மறுநாளே 11,796 அடியில் உள்ள ஆல்பைன் பார்வையாளர் மையத்துக்குப் போய்விட்டோம். எல்லாரும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடியபடி உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லப்பா, நீங்க பாத்துட்டு வாங்க" என்று சொன்னார். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். உடனே காரைத் திருப்பி, 9,400 அடி அளவில் இருக்கும் ஹிட்டன் வேலி வரை இறங்கினோம். அரை மணி நேரத்தில் அவர் காப்பி கேட்டார்.

தூங்கவும் சமைக்கவும்

சாமான்களில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் படுக்கை. ஜூலையிலும் விடியற்காலையில் வெப்பம் ஐந்து முதல் எட்டு டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது இயல்பு. பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே தாங்கும் என்று குறிக்கப்பட்ட ஸ்லீப்பிங் பேக் ஒவ்வொருவருக்கும் வேண்டும். அதைவிட முக்கியம் அதன் கீழே விரிக்கும் மெத்தை, ஏனென்றால் உடம்புச் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சுகிறது. வீட்டில் விருந்தினருக்குப் போடும் காற்று மெத்தைக்குள் வெறும் காற்று மட்டுமே இருப்பதால் அது இந்தக் குளிருக்கு உதவாது. முகாமுக்கென்றே செய்யப்படும் மெத்தைகளில், தரைக்குச் சூடு போகாமல் தடுக்கும் திறனைக் காட்ட ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மூன்றுக்குக் குறையாததாக வாங்குங்கள். பருத்தி உள்ளாடைகள் வியர்வையில் நனைந்தால் காயாது என்பதால், இரவில் உடுத்த உலர்ந்த உடை ஒன்றையும் கம்பளித் தொப்பியையும் ஒவ்வொருவருக்கும் தனிப் பையில் கட்டி வைத்துவிட வேண்டும். கூடாரத்தை வீட்டுக் கொல்லையிலோ அருகிலிருக்கும் பூங்காவிலோ ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கம்பி ஒன்று குறைகிறது என்பது எஸ்டெஸ் பார்க்கில் இருட்டிய பிறகு தெரியக் கூடாது.

சமையலில்தான் உயரம் தன் வேலையைக் கண்ணெதிரே காட்டும். 8,500 அடியில் தண்ணீர் சுமார் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு ஏறாது. முதல் பயணத்தில் நான் சட்டியில் வைத்த சோறு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தால், நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. பருப்பு அதைவிடப் பிடிவாதம் பிடித்தது. அன்றிலிருந்து மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எங்கள் முகாம் பெட்டியில் நிரந்தரமாக இருக்கிறது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை மீண்டும் நூறைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டால் போதும்.

அடுப்பிலும் கவனம் வேண்டும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் நீள உருளை பூட்டேன் அடுப்பு, விடியற்காலைக் குளிரில் சரியாக எரியாது, ஏனென்றால் பூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே வாயுவாக மாறுவதை நிறுத்திவிடுகிறது. புரொப்பேன் சிலிண்டரைத் திருகி மாட்டும் அடுப்பு எந்தக் குளிரிலும் எரியும். மழை பெய்கிறதே என்று கூடாரத்துக்குள் அடுப்பையோ கரி அடுப்பையோ ஏற்றவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர்கள் எழுவதில்லை.

மலையேறும் சாலை

போல்டர், லயன்ஸ் வழியாக வரும் 36ஆம் எண் சாலையும், லவ்லாண்டிலிருந்து பிக் தாம்ப்சன் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக வரும் 34ஆம் எண் சாலையும் எஸ்டெஸ் பார்க்கில் சேருகின்றன. பள்ளத்தாக்குச் சாலையில் வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறச் சொல்லும் பலகைகளைக் காண்பீர்கள். 1976 ஜூலை 31 இரவு அங்கே வந்த திடீர் வெள்ளம் 144 உயிர்களைக் கொண்டுபோனது. பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

பூங்காவுக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது, எனவே எஸ்டெஸ் பார்க்கிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். கைப்பேசித் தொடர்பும் பெரும்பாலான இடங்களில் அற்றுப்போவதால், வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் கைப்பேசியிலேயே இறக்கி வைத்திருங்கள். காரில் அடைத்து வைத்த சிப்ஸ், முறுக்குப் பாக்கெட்டுகள் எல்லாம் பலூன் போல உப்பியிருப்பதைப் பிள்ளைகள்தாம் முதலில் கண்டுபிடிப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டதை விளக்க அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முகாமில் முதல் மாலை

இருட்டுவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். மழை வருவதுபோல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கூடாரத்தின் மேல்விரிப்பை உடனே போட்டுக் கயிறுகளை இழுத்துக் கட்டிவிட வேண்டும். பிற்பகல் மழை பத்து நிமிட அவகாசம்கூடத் தருவதில்லை.

அடுத்த வேலை உணவைப் பூட்டுவது. இந்தக் காட்டில் கறுப்புக் கரடிகள் வாழ்கின்றன, அவற்றின் மோப்பம் மிகக் கூர்மையானது. முகாம் திடல்களில் உணவு வைக்க இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. அரிசி, மசாலா டப்பா, ஐஸ் பெட்டி ஆகியவற்றை மட்டும் அதில் வைத்தால் போதாது. பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், குழந்தையின் பால் புட்டி, கழுவாத குக்கர், குப்பை ஆகிய மணமுள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். பிள்ளைகளின் சட்டைப் பையையும் ஒரு முறை தடவிப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்தப் பெட்டியைப் பூட்டும் பொறுப்பு மகளுடையது: உள்ளங்கையைத் துவாரத்துக்குள் விட்டுத் தாழ்ப்பாளை அழுத்தி, கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "பூட்டியாச்சு" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் நாங்கள் படுக்கப் போவோம். மனித உணவுக்குப் பழகிப்போன கரடியைச் சில நேரங்களில் கொல்ல வேண்டியே வந்துவிடும். நாம் மறந்து வைத்த ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கு அந்த விலங்கு உயிரை விடக் கூடாது.

நெருப்பு மூட்டுவதற்கு முன் அன்று தடை இருக்கிறதா என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள். 2020ஆம் ஆண்டு கேமரன் பீக் தீயும் ஈஸ்ட் டிரபிள்சம் தீயும் சேர்ந்து இப்பூங்காவில் சுமார் 30,000 ஏக்கரை எரித்தன, கருகி நிற்கும் மரங்களை இன்றும் காணலாம். விறகை வெளியூரிலிருந்து ஏற்றி வராமல் அருகிலேயே வாங்குங்கள். விறகோடு பூச்சிகளும் பயணம் செய்து புதிய காட்டில் குடியேறிவிடும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டிய நேரம் என்பதால் பாட்டும் அரட்டையும் அதற்குள் முடிய வேண்டும். முகாம்களில் குளியலறை இல்லை, குளிக்க எஸ்டெஸ் பார்க்குக்குத்தான் போக வேண்டும்.

எந்த நாளில் எங்கே

முகாமில் கண்விழிக்கும் முதல் நாளை ஏரிகளுக்கு ஒதுக்குங்கள். ஸ்ப்ரேக் லேக்கைச் சுற்றிய பாதை ஒரு மைலுக்கும் குறைவு, சமதளமானது, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகக்கூடியது. தாத்தா பாட்டியோடு செல்பவர்கள் இங்கிருந்தே தொடங்க வேண்டும். 9,450 அடியில் உள்ள பேர் லேக் இன்னும் அழகு, ஆனால் கூட்டம் அதிகம், கார் நிறுத்தம் காலையிலேயே நிறைந்துவிடும் என்பதால் பேருந்தில் போவதே நிம்மதி. நடக்கும் பிள்ளைகள் அங்கிருந்து ஆல்பர்ட்டா அருவி வரை போய்வரலாம். பார்வையாளர் மையத்தில் இளம் வனக்காவலர் கையேட்டை இலவசமாகத் தருகிறார்கள். அதிலுள்ள பயிற்சிகளை முடித்துக் காட்டும் பிள்ளைகளுக்கு உறுதிமொழி வாங்கிக்கொண்டு பேட்ஜ் அணிவிப்பார்கள்.

டிரெயில் ரிட்ஜ் ரோட்டுக்கு அதற்கு அடுத்த நாள் போகலாம். எஸ்டெஸ் பார்க்கிலிருந்து கிராண்ட் லேக் வரை 48 மைல் நீளமுள்ள இந்தச் சாலையில் 11 மைல் தொலைவு மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே ஓடுகிறது. காலை ஏழு மணிக்கே கிளம்பி, மேலே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, நண்பகலுக்குள் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இதில் சலுகையே கிடையாது. வெயில் ஏற ஏற மலைச்சரிவில் எழும் சூடான காற்று பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. மரமே இல்லாத அந்தப் பரப்பில் உயரமாக நிற்பது மனிதர்கள் மட்டுமே. 2014 ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இப்பூங்காவில் இரண்டு பேர் மின்னல் தாக்கி இறந்தார்கள். இடியோசை காதில் விழுந்துவிட்டால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

மேலே தரையோடு தரையாக, கட்டை விரல் உயரத்தில் பூத்திருக்கும் தூந்திரச் செடிகளின் வளரும் பருவம் சில வாரங்கள் மட்டுமே. ஒரு காலடியில் நசுங்கியது மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகக்கூடும் என்பதால், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையிலேயே நடத்திச் செல்லுங்கள். முகாமில் அரைக்கைச் சட்டை போதும் என்றிருந்த நாளிலும் இங்கே குளிர்காற்று வீசும், கம்பளிச் சட்டையும் காற்றைத் தடுக்கும் மேலாடையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர்களும் இந்த உயரத்தில் கடுமை. மேகமூட்டமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசியாக வேண்டும்.

இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், தாழ்ந்த கியரில் போட்டு இன்ஜினையே வேகத்தைப் பிடிக்க விடுங்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் இதற்கான வசதி இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் சூடேறிக் கருகிய வாடை வந்தால் ஒதுக்குப்புறத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் தொடர வேண்டும்.

எல்க் மானையும் பிக்ஹார்ன் ஆட்டையும் விட்டு 75 அடி, மூஸையும் கரடியையும் விட்டு 120 அடி விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. செப்டம்பரில் எல்க் ஆண்மான்கள் துணை தேடும் பருவம். அவை எழுப்பும் நீண்ட குழலோசை மாலையில் மொரெய்ன் பார்க் புல்வெளி முழுவதும் கேட்கும். அந்தக் காலத்தில் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை வரை புல்வெளிகளுக்குள் கால் வைக்க அனுமதியில்லை. சாலையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாலே போதும்.

கிளம்பும் காலை

கூடாரத்தின் உள்பக்கம் மூச்சின் ஈரம் துளித்துளியாகப் படிந்திருக்கும். வெயில் பட்டுக் காயும் வரை கூடாரத்தைப் பிரிக்காமல் விட்டுவிட்டு, முதலில் அடுப்படியையும் இரும்புப் பெட்டியையும் காலி செய்யுங்கள். அடுப்புக்குழியில் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பலுக்கு மேல் கையை நீட்டினால் சூடு தெரியாத அளவுக்கு அணைக்க வேண்டும். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து இடம் முழுவதும் நடந்து பார்க்கச் சொன்னால், கூடார ஆணிகள், மிட்டாய்த் தாள்கள், ஒற்றைக் காலுறை என்று எப்படியும் ஐந்தாறு பொருள்கள் கிடைக்கும். ஈரம் முழுதும் காயாமல் கிளம்ப நேர்ந்தால், வீடு சேர்ந்த அன்றே கூடாரத்தை விரித்து உலர்த்திவிடுங்கள்; மடித்த ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.